கம்ப்ரஷனும் டர்போவும்: காரில் கை வைப்பதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கோவையில் என்ஜின் பிரித்துக் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது கம்ப்ரஷனைக் கூட்டுவதையோ டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாட்டுவதையோ காட்டும் ஒரு காணொளியைக் கைப்பேசியில் காட்டி, "இதை என் வண்டியில் செய்து தர முடியுமா?" என்று கேட்டு வருகிறார். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. டீ ஆறிப்போகும்வரை அதையே திரும்பத் திரும்ப விளக்கிச் சலித்துவிட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் போட்ட கணக்கை நம்பித்தான் நிற்கின்றன.

1. "கம்ப்ரஷன் ரேஷியோ 11:1 என்று போட்டிருக்கிறார்கள். அந்த 11 எங்கிருந்து வருகிறது?"

பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தை, அது மேலே வந்து நின்றதும் மிச்சமாகும் இடத்தால் வகுத்தால் வருகிற எண் அது. 1,200 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் இது. அதற்கும் மேலே ஹெட்டின் (சிலிண்டரை மூடும் தலைப்பகுதி) குழிவிலும் கேஸ்கட்டின் (இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) தடிமனிலுமாக 30 சி.சி. இடம் இருக்கிறது. பிஸ்டன் அடியில் இருக்கும்போது மொத்தம் 330, மேலே வந்ததும் 30. வகுத்தால் 11.

இந்த 300, 30 இரண்டையும் மறக்காதீர்கள். கேஸ்கட், ஹெட் பற்றிய கேள்விகளில் இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடப் போகிறோம்.

2. "ரேஷியோவைக் கூட்டினால் பவர் கூடும் என்கிறார்களே, எவ்வளவு கூடும்?"

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. காற்றை நெருக்கி அழுத்துவதால் பவர் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அழுத்துவது என்ஜினுக்குச் செலவு. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு விரியும்போதுதான் வரவு. ரேஷியோ அதிகமானால் அந்த வாயு விரிவதற்குக் கிடைக்கும் பங்கும் அதிகம். அதனால் வெப்பத்தில் முன்பைவிடக் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது, சைலன்சர் வழியாக வீணாவது குறைகிறது.

பாடப்புத்தகக் கணக்குப்படி 9:1 ரேஷியோவில் வெப்பத்தின் 58.5 சதவீதம் வேலையாகலாம், 11:1-இல் 61.7 சதவீதம். உண்மையான என்ஜின் இவற்றைத் தொடவே தொடாது. ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் பயன்படும்: 9-இலிருந்து 11-க்குப் போனால் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம். மேலே போகப்போக ஒவ்வொரு படிக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே வரும். இந்த ஐந்து சதவீதத்தையும் நினைவில் வையுங்கள்.

3. "மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, கம்ப்ரஷன் 170 என்றார். நீங்கள் 11 என்கிறீர்கள். எது உண்மை?"

இரண்டும் உண்மை. பட்டறையில் 'கம்ப்ரஷன்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிகளுக்குச் சொல்வதால் வந்த குழப்பம் இது. 11 என்பது வடிவக் கணக்கு. என்ஜின் செய்யப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய மாறாது. 170 என்பது இன்று அந்தச் சிலிண்டர் எவ்வளவு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு, டயர்க் காற்றை அளக்கும் அதே பி.எஸ்.ஐ.-யில். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்தால், வால்வு சரியாக உட்காராவிட்டால் இது இறங்கும். "கம்ப்ரஷன் போய்விட்டது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட முயலாதீர்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ., அதை 11-ஆல் பெருக்கினால் 162 என்று சிலர் போடுகிறார்கள். அழுத்தும்போது காற்று சூடாகி அழுத்தம் இன்னும் ஏறும். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் கொஞ்சம் காற்று திரும்பி ஓடி அழுத்தம் இறங்கும். இரண்டும் சேர்ந்து எங்கே நிற்கும் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் அந்த என்ஜினின் கேம்ஷாஃப்டைப் பொறுத்தது. இடத்தையும் பொறுத்தது: 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தமே 11 பி.எஸ்.ஐ. அளவுதான். மேட்டுப்பாளையத்தில் நல்ல எண் காட்டிய அதே என்ஜின் அங்கே 'போய்விட்டது' போலத் தெரியும். மலையேறும்போது டர்போ இல்லாத வண்டி திணறுவதற்கும் காரணம் இதுவேதான்.

4. "அந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வது? எவ்வளவு வந்தால் நல்லது?"

என்ஜின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். பெட்ரோல் வரத்தையும் இக்னிஷனையும் துண்டியுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று சுற்றவிடுங்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் பார்த்துவிட்டு, "என்ஜின் முடிந்தது, வேலை செய்ய வேண்டும்" என்று பயமுறுத்தப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பெட்ரோல் என்ஜினில் பொதுவாக 150 முதல் 190 வரை வரலாம். உங்கள் என்ஜினுக்கான எண் சர்வீஸ் மானுவலில் இருக்கும், அதையே நம்புங்கள். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் ஒற்றுமை. மிக அதிகமான எண்ணுக்கும் மிகக் குறைவான எண்ணுக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. நான்கும் 155 காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்; மூன்று 180 காட்டி ஒன்று 140 காட்டினால் தூங்க முடியாது.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். இன்னும் துல்லியம் வேண்டுமானால் கம்ப்ரஸர் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கலாம். காது வைத்துக் கேட்டால் போதும். ஆயில் ஊற்றும் மூடி வழியாகச் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

5. "நாக்கிங், நாக்கிங் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?"

பிளக் பொறி போட்டதும் நெருப்பு ஓர் ஓரத்திலிருந்து வயலில் வைத்த தீயைப் போல வரிசையாகப் பரவ வேண்டும். அது பரவிக்கொண்டிருக்கும்போதே, கடைசி மூலையில் இன்னும் எரியாத கலவை நசுங்கிச் சூடாகி, நெருப்பு வந்து சேரும் முன்பே தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல் சத்தம் கேட்கும். மேட்டில் உயர் கியரில் மிதிக்கும்போது நன்றாகக் கேட்கும்.

சத்தம் எரிச்சல்தான், சேதம் வேறு. இந்த வெடிப்பின் அதிர்வு பிஸ்டன் மேற்பரப்பை ஒட்டியிருக்கும் காப்பான வாயுப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. அலுமினியம் நேராக வெப்பத்தை வாங்குகிறது. ரிங்குகளுக்கு இடையே உள்ள மெல்லிய வரம்பு உடைகிறது, கேஸ்கட் போகிறது. இனி வரும் பதில்கள் எல்லாமே ஒரு வகையில் நாக்கிங்கைத் தள்ளி வைப்பது பற்றியவைதான். அதிக ரேஷியோவும் அதிக பூஸ்ட்டும் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) ஒரே சம்பளத்தில் செலவு செய்யும் இரண்டு பேர். சம்பளம் என்பது பெட்ரோலின் ஆக்டேன்.

6. "பங்க்கில் 95, 100 என்று இருக்கிறதே. அதைப் போட்டால் பவர் கூடுமா?"

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியை அளப்பதில்லை, பொறுமையை அளக்கிறது. நசுக்கினாலும் சூடாக்கினாலும் தானாக வெடிக்காமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவு. சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த என்ஜினில் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்.பி. 100 ஊற்றினால் பங்க் முதலாளிக்கு லாபம். நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கை (பொறி போடும் நேரத்தை) பின்வாங்கிக்கொண்டிருக்கும் என்ஜினில் ஊற்றினால் உங்களுக்கு லாபம்.

நம் நாட்டில் பி.எஸ். 6 பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91; 20 சதவீத எத்தனால் கலந்த இ20-க்கு 95. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் கலவை குளிர்கிறது. டர்போக்காரர்களுக்கு இது நல்ல சேதி. ஆனால் லிட்டருக்கு அதன் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே வேலைக்கு அதிகம் ஊற்ற வேண்டும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குச் சுமை கூடும். பழைய வண்டியில் ரப்பர் குழாய்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்கக் காணொளியில் "நான் 93 போடுகிறேன்" என்று சொல்வதைக் கேட்டு, நம் 91 கிட்டத்தட்ட அதுதானே என்று எண்ணாதீர்கள். அங்கே இரண்டு விதப் பரிசோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நம் 91 அவர்கள் கணக்கில் 87 அளவுதான் வரும்.

7. "டர்போ சும்மா போகிற புகையில் ஓடுகிறது. அப்படியானால் இலவச பவர்தானே?"

பாதி இலவசம். வெளியேறும் வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. வெப்பமாக வீணாகியிருக்கக்கூடியதை டர்போ பயன்படுத்திக்கொள்கிறது என்பது சரி. ஆனால் புகை போகும் வழியில் ஒரு தடையை வைத்திருக்கிறோம். அந்தத் தடையை எதிர்த்துப் பிஸ்டன் புகையைத் தள்ள வேண்டும். அது செலவு.

சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். பெட்ரோல் என்ஜினில் அதன் ஒரு பக்கம் 900 டிகிரிக்கு மேல் சூடான வாயு, சில சென்டிமீட்டர் தள்ளி மறுபக்கம் நாம் குளிர்ச்சியாக வேண்டும் என்று ஏங்கும் காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

8. "7 பி.எஸ்.ஐ. பூஸ்ட் வைத்தால் காற்று பாதி மடங்கு கூடும், பவரும் 50 சதவீதம் கூடும். சரியா?"

கணக்கு அழகாக இருக்கிறது, காற்று ஒத்துழைக்காது. 7 பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய அரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). அழுத்தம் ஒன்றரை மடங்கு. 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள டர்போவில் அழுத்தப்பட்டு வெளியே வரும்போது 90 டிகிரியைத் தொட்டிருக்கும். சூடான காற்று விரிந்துகொள்வதால் உண்மையில் கூடிய காற்றின் அளவு 28 சதவீதம் அளவுதான். போதாக்குறைக்கு அந்தச் சூடு நாக்கிங்கைக் கையைப் பிடித்து அழைத்து வரும்.

நடுவில் இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் போன்ற கருவி) வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் லாபம் 43 சதவீதமாக ஏறும். அதனால்தான் இன்டர்கூலர் இல்லாத கிட்டைக் காட்டி "விலை குறைவு" என்று சொல்பவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. பூஸ்டை ஒரு பாருக்கு ஏற்றினால் அதே டர்போவிலிருந்து வரும் காற்று 130 டிகிரி. மீட்டரில் தெரியும் அழுத்தம் மட்டும் எதையும் சொல்லாது. பெரிய டர்போவின் 7 பி.எஸ்.ஐ.-யும் சின்ன டர்போ மூச்சிரைக்கத் தள்ளும் 7 பி.எஸ்.ஐ.-யும் ஒன்றல்ல.

9. "டர்போ போட்டால் ரேஷியோவைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? இரண்டும் நல்லதுதானே?"

இரண்டும் நல்லதுதான், ஆனால் ஐந்தாவது பதிலில் சொன்னபடி செலவழிப்பது ஒரே சம்பளத்தை. ஒன்றரை மடங்கு காற்றை உள்ளே திணித்து அதையே 11-இல் ஒன்றாக நசுக்கினால் கடைசி மூலை தாங்காது. எட்டாவது பதிலில் பார்த்த 43 சதவீதத்தையும் இரண்டாவது பதிலில் பார்த்த 5 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேஷியோவை 11-இலிருந்து 9-க்கு இறக்கினால் நஷ்டம் ஐந்து. அதனால் இடம் பிடிக்கும் பூஸ்ட் தருவது நாற்பது. பழைய டர்போ கார்களில் எட்டும் ஒன்பதும் இருந்ததற்கு இந்த வியாபாரம்தான் காரணம். விலை? டர்போ சுற்றத் தொடங்கும்வரை, அதாவது அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் நேரம் முழுவதும், வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கும்.

குறைக்காமல் முயன்றவர்களும் உண்டு. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. ரேஷியோ 10.25. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை என்ஜினுக்குள் தெளித்தார்கள். அதற்குத் தனித் தொட்டி. பெட்ரோலைப் போல அதையும் நிரப்ப வேண்டும். ஜனங்கள் மறந்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்ட் தானாகக் குறையும்படி செய்திருந்தும் புகார்கள் குவிந்தன. இரண்டே ஆண்டுகளில் கார் நின்றுபோனது. பின்னர் நிறுவனமே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. பொறியாளர்கள் கணக்கில் தவறவில்லை. வண்டி வாங்குகிறவர் தொட்டியை நிரப்புவார் என்று நம்பியதில் தவறினார்கள்.

10. "இப்போது வரும் டர்போ கார்களில் 10.5 இருக்கிறதே. அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?"

பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கிறார்கள். அது ஆவியாகும்போது காற்று அங்கேயே குளிர்கிறது. நாக் சென்சார் ஒவ்வொரு வெடிப்பையும் கேட்டுக்கொண்டே இருந்து, தப்பாக ஏதாவது கேட்டால் டைமிங்கைப் பின்வாங்குகிறது. வால்வு மூடும் நேரத்தை மாற்றி, தேவைப்படும்போது உண்மையில் நசுங்கும் காற்றைக் குறைக்கிறார்கள். ஹெட்டில் எக்ஸாஸ்ட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து கிடைத்ததுதான் அந்த 10.5.

ஃபோக்ஸ்வாகன் போலோவில் டர்போ இல்லாத 999 சி.சி. என்ஜின் 76 பி.எஸ். (குதிரைத்திறன் போன்ற பவர் அளவு) தந்தது. 2020-இல் வந்த அதே கொள்ளளவு டி.எஸ்.ஐ. டர்போ என்ஜின் 110 பி.எஸ். டார்க் (சுழற்றும் விசை) 95-இலிருந்து 175 நியூட்டன் மீட்டர். "ஆக, ஒரு டர்போ மாட்டினால் 110" என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பம் ஒன்று என்றாலும் ஹெட், எரிபொருள் முறை, பிஸ்டன், குளிர்விப்பு, கட்டுப்பாட்டுப் பெட்டி (என்ஜினின் கணினி) எல்லாம் வேறு.

ஓடும்போதே ரேஷியோவை மாற்றும் என்ஜினும் வந்துவிட்டது. நிசானின் வி.சி.-டர்போ, கிராங்கில் ஒரு கூடுதல் இணைப்பை வைத்துப் பிஸ்டன் எவ்வளவு உயரம் வரலாம் என்பதை மாற்றுகிறது. மெதுவாகப் போகும்போது 14:1, மிதித்தால் 8:1. பட்டறையில் செய்துகொள்ளும் வேலை அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

11. "என் வண்டி டர்போ இல்லாதது, ரேஷியோ 11. ஒரு கிட் வாங்கி மாட்டினால் போதாதா?"

டர்போ கொண்டு வருவது காற்றை மட்டும்தான். 43 சதவீதக் கூடுதல் காற்றுக்குக் குறைந்தது அதே அளவு கூடுதல் பெட்ரோல் வேண்டும். பூஸ்டில் குளிர்ச்சிக்காகக் கலவையை இன்னும் கெட்டியாக வைக்க வேண்டும்: சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இங்கே 11.5 முதல் 12. (காற்றழுத்தமும் 14.7, இதுவும் 14.7. தற்செயல். ஆனால் இதனால் குழம்பிய பையன்கள் பலர்.) உங்கள் இன்ஜெக்டரால் அவ்வளவு ஊற்ற முடியுமா? பம்ப் தாங்குமா? அதற்கு முன், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பூஸ்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. டர்போ இல்லாத காரின் அழுத்த சென்சார் வெளிக்காற்று அழுத்தம்வரைதான் அளக்கும். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டி பழைய கணக்குப்படியே ஊற்றும், பொறி போடும். கலவை மெலிந்து, டைமிங் முந்தி, பிஸ்டன் உருகும்.

அப்படி ஒரு வண்டி கயிறு கட்டி இழுக்கப்பட்டு என்னிடம் வந்தது. கிட் மாட்டி ஒன்பது நாள். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ரிங் வரம்பு உடைந்து, துண்டு சிலிண்டர் சுவரில் கோடு கிழித்திருந்தது. மாட்டியவர் கெட்டிக்காரர்தான்; பைப் வேலை பார்க்க அழகாக இருந்தது. ரீமேப் (பெட்டியில் உள்ள பெட்ரோல், பொறிக் கணக்கை மாற்றி எழுதுவது) மட்டும் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தார்கள்.

சரியாகச் செய்ய வேண்டுமானால் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், அதைவிட முக்கியமாக வலுவான கனெக்டிங் ராடு, அகலமாக விடப்பட்ட ரிங் இடைவெளி, பெரிய இன்ஜெக்டர், சரியான சென்சார், ஒரு படி குளிர்ந்த பிளக், ஆயில் போகவும் திரும்பவும் வழி, இன்டர்கூலர், கிளட்ச், டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) உட்கார்ந்து எழுதிய மேப் என்று பட்டியல் நீளும். பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பழையதை விற்று கம்பெனியே டர்போ வைத்த காரை வாங்கியவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் அதிகம். அவர்களில் யாரும் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

12. "தடிமனான கேஸ்கட் போட்டால் ரேஷியோ குறைந்துவிடுமே. பிஸ்டன் மாற்றுவது எதற்கு?"

முதல் பதிலின் எண்களை எடுங்கள். ரேஷியோ 9 ஆக வேண்டுமானால் மேலே 30 சி.சி.-க்குப் பதிலாக 37.5 சி.சி. இடம் வேண்டும். கூடுதலாக 7.5 சி.சி. இந்த அளவு என்ஜினில் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. என்று வைத்தால், ஒரு மி.மீ. தடிமன் 4.2 சி.சி. தரும். ஆகவே கேஸ்கட் இப்போது இருப்பதைவிட 1.8 மி.மீ. தடிமனாக வேண்டும். அவ்வளவு தடித்த கேஸ்கட் பூஸ்டைத் தாங்கி நிற்பது சந்தேகம்.

நின்றாலும் ஒரு கெடுதல் உண்டு. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரமும் ஹெட்டின் தட்டையான பகுதியும் ஏறக்குறைய ஒரு மி.மீ. இடைவெளிக்கு நெருங்கி, அங்குள்ள கலவையைப் பிதுக்கி நடுவுக்குத் தள்ளுகின்றன. அந்தச் சுழற்சியால் நெருப்பு வேகமாகப் பரவுகிறது, மூலையில் வெடிக்கக் கலவை மிஞ்சுவதில்லை. இடைவெளியை மூன்று மி.மீ.-க்கு விரித்தால் அந்தப் பிதுக்கல் போய்விடும். நாக்கிங்கைத் தடுக்கப் போட்ட கேஸ்கட் நாக்கிங்குக்கே வழி விடும். குழிவான தலையுள்ள பிஸ்டன் போடுவது இதனால்தான். இடம் நடுவில் கூடும், ஓரம் நெருக்கமாகவே இருக்கும்.

13. "டர்போ வேண்டாம். ஹெட்டைச் சீவி ரேஷியோவை 10-இலிருந்து 11 ஆக்கினால்?"

லாபம் இரண்டரை சதவீதம். 85 குதிரைத்திறன் வண்டியில் இரண்டு குதிரை. அதற்காக ஏறக்குறைய 0.8 மி.மீ. சீவ வேண்டும். வால்வு பிஸ்டனுக்கு அருகே இறங்கும், கேம் டைமிங் நகரும், சீவியதை ஒட்ட முடியாது. பந்தயத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறவர் செய்யட்டும். மற்றவர்கள் டயர்க் காற்றைச் சரிபார்க்கலாம்.

14. "என் வண்டியில் கம்பெனி டர்போ இருக்கிறது. ரீமேப் மட்டும் செய்தால் ஆபத்தில்லையே?"

பதினொன்றாவது பதிலில் உள்ளதைவிட மிகக் குறைந்த ஆபத்து. இன்டர்கூலர், சென்சார், நேரடித் தெளிப்பு எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கம்பெனி பல நாடுகளின் வெயிலுக்கும் மோசமான பெட்ரோலுக்கும் சேர்த்து விட்டுவைத்த இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரே என்ஜினிலிருந்து எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு ஃபியட்டின் 1,248 சி.சி. மல்டிஜெட் டீசலே சாட்சி. சாதாரண டர்போவுடன் 75 பி.எஸ்., இறகுகள் திரும்பும் டர்போவுடன் 90 பி.எஸ்.

நான் பார்ப்பது உச்ச பவரை அல்ல, எந்த ஆர்.பி.எம்.-இல் டார்க் ஏறுகிறது என்பதை. 1,800-இல் முழு டார்க்கையும் கொட்டும் மேப் ஓட்டச் சுகமாக இருக்கும், ராடை வளைக்கவும் செய்யும். சின்ன நேரடித் தெளிப்பு டர்போக்களில் இன்னொரு தொல்லை: குறைந்த ஆர்.பி.எம்.-இல் பலமாக மிதிக்கும்போது பொறிக்கு முன்பே எங்கோ பற்றிக்கொள்வது. சாதாரண நாக்கிங்கைவிடக் கொடியது, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும். இதைக் கருத்தில் கொண்டுதான் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.பி. தர ஆயில் 2020-இல் வந்தது. ரீமேப் செய்தவர்கள் அந்த எழுத்துகள் டப்பாவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாவது கியரில் 1,500-இல் முழுதாக மிதிக்காதீர்கள்.

15. "டீசலில் ரேஷியோ 16, 17, அதற்கு மேல் டர்போவும் உண்டு. ஒன்பதாவது பதில் பொய்யாகிவிட்டதே?"

நல்ல கேள்வி, பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டது. நாக்கிங் வர, நசுங்கும் காற்றோடு எரிபொருள் கலந்திருக்க வேண்டும். டீசலில் நசுங்குவது வெறும் காற்று. டீசல் உள்ளே வருவதே கடைசி நொடியில்தான். வந்த உடனே பற்ற வேண்டும் என்பதுதான் விருப்பமும். வெடிக்க மூலையில் எதுவும் காத்திருப்பதில்லை. அங்கே எல்லை போடுவது சிலிண்டரின் உச்ச அழுத்தமும் எக்ஸாஸ்ட் சூடும் கரும்புகையும். அந்த உச்ச அழுத்தத்துக்காக டீசலிலும் டர்போ பெரிதானபோது ரேஷியோவை இறக்கித்தான் இருக்கிறார்கள். டர்போ இல்லாத பழைய டீசல்களில் 20-க்கு மேலும் இருந்தது.

16. "இணையத்தில் மின்சார டர்போ 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபில்டர் குழாயில் செருகினால் போதுமாம்."

எட்டாவது பதிலில் பார்த்த அந்த 7 பி.எஸ்.ஐ.-யை 1,200 சி.சி. என்ஜினுக்கு 6,000 ஆர்.பி.எம்.-இல் தர, காற்றை அழுத்துவதற்கு மட்டும் 5 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியருக்கு மேல். அந்தக் காற்றாடி எடுப்பது இரண்டு மூன்று ஆம்பியர். வெயில் காலத்தில் முகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

17. "வண்டியை நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும் என்கிறார்களே, இன்னும் தேவையா?"

நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே அணைத்தால், சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் கருகித் தண்டில் படியும். தண்ணீரால் குளிரும் இன்றைய டர்போக்களில் பயம் குறைவு. ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் அதுவே போதும். மலையேறி முடித்த கையோடு டீக்கடையில் நிறுத்துகிறவர்கள் மட்டும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

18. "சட்டப்படி செய்யலாமா? போலீஸ் பிடித்தால்?"

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். டர்போ போட்டதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் காப்பீடு எடுத்திருந்தால், விபத்தன்று சர்வேயர் பானெட்டைத் திறப்பார். வாரன்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பந்தயத்துக்கு மட்டும் வைத்திருக்கும் கார் என்றால் டிரெய்லரில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்கோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கோ கொண்டு போங்கள்.

19. "1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. கம்ப்ரஷன் 165, 160, 165, 120. டர்போ போட்டால் அந்தக் குறை ஈடாகிவிடும்தானே?"

ஈடாகாது, பெரிதாகும். ரிங் வழியாகக் கசிகிறது என்றால் பூஸ்டில் கசிவு இன்னும் கூடி, கீழே ஆயில் சம்ப்பில் அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து திரும்பி வரும் ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவின் சீலைத் தாண்டி என்ஜினுக்குள் போகும், நீலப் புகை வரும். கலவையில் ஆயில் சேர்ந்தால் அதன் ஆக்டேனும் இறங்கும். மறுபடி ஐந்தாவது பதில்.

இந்தக் கேள்வியை அனுப்பியவரிடம், நான்காவது பதிலில் சொன்ன ஒரு தேக்கரண்டி ஆயில் பரிசோதனையைச் செய்யச் சொன்னேன். 120 என்பது 122 ஆயிற்று, அவ்வளவுதான். அப்படியானால் ரிங் அல்ல, வால்வு அல்லது கேஸ்கட். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் அரைநகம் அளவுக்குக் கருகியிருந்தது. வால்வு மாற்றி, வால்வுகள் உட்காரும் இருக்கைகளை அரைத்து, புதுக் கேஸ்கட் போட்டதும் நான்கும் 165-ஐச் சுற்றி நின்றன. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், டர்போவைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்.